பீலித் தண்ணீர்

மனைவி நிரஞ்சலாவின் வருடத் திவசத்துக்காக முதல் நாளே பூனாகலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் பனி விலகுமுன் மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்கு இறங்கினார். மலைத் தண்ணீர் குழாயில் விழும் இடம் அது. அந்த நேரத்தில் கை நனைப்பதே கஷ்டம். அவருக்கோ இதயக் குழாயில் அடைப்பு. மாதாமாதம் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து எடுக்கிறவர்.

ஏன் இப்படி என்று மாமியாரிடம் கேட்டேன். மகள் போனதிலிருந்து தினமும் பச்சைத் தண்ணீர்தானாம். குளிர்ந்தால் உடம்பில் ஒரு நல்ல கொழுப்பு எரியும், அது நெஞ்சுக்குக் காவல் என்று அவள் சொல்லியிருந்தாளாம்.

"நீங்கதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாமே," என்றார் பெருமையாக.

சொன்னேன்தான். நான் உயிரியல் ஆசிரியர். பள்ளியில் நடத்தப்போவதை முதலில் அவளிடம் சொல்லிப் பார்ப்பேன். சாதாரணக் கொழுப்பு சேர்ந்து கிடக்கும். பழுப்புக் கொழுப்பு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து உடம்பைச் சூடாக்கும். பெரியவர்களுக்குக் கழுத்தருகே கொஞ்சம் இருக்கும். குளிர் அதை எழுப்பும். அது உள்ளவர்களிடம் சர்க்கரை வியாதியும் இதய நோயும் குறைவாகக் காணப்படுகின்றன. அதோடு நிறுத்திவிட்டேன். அதே குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தத்தை ஏற்றும், அடைப்புள்ள இதயம் அதைத் தாங்காமல் போகலாம் என்பதைச் சொல்லவில்லை. கேட்டதை அவள் தகப்பனுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். பிறகு டெங்கு வந்து அவளைக் கொண்டுபோனது.

ஒரு வருடமாக அவர் என் பாதிப் பாடத்தை நம்பிக் குளித்திருக்கிறார். அந்த ஒரு வருடமும் நான் இந்தப் பக்கம் வரவில்லை.

சொன்னால் அவள் வார்த்தை பொய்யாகும். சொல்லாவிட்டால் இவரும் போய்விடுவார். கீழே ஓடினேன். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மாமா, குளிக்காதீங்க. அவ மேல தப்பில்ல. நான் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். உங்க நெஞ்சுக்கு இந்தத் தண்ணி ஆகாது."

அவர் குழாயையே பார்த்தார்.

"தெரியும் மாப்புள. கிளினிக்ல டாக்டர் ஏசினாரு."

பிறகு ஏன் என்று கேட்டேன்.

"அவ பீடிய விடச் சொன்னா, நான் கேக்கல. கருவாட்டக் கொறைக்கச் சொன்னா, கேக்கல. இது ஒன்னாவது அவ சொல்லிக் கேட்டதா இருக்கட்டும்."

மன்னிப்பும் கேட்கத்தான் ஓடி வந்திருந்தேன். அதை விட்டு வேறொன்று கேட்டேன்.

"அப்ப பீடிய விடுங்க மாமா. அதுவும் அவ சொன்னதுதானே."

"அது கஷ்டம்ங்க. பச்சத் தண்ணி லேசு."

சட்டையை எடுத்துப் போர்த்தி மேலே கூட்டி வந்தேன். மாமியார் சுடுதண்ணீர் வைத்தார். வாசலில் கல்லின்மேல் உட்காருமுன், நனைந்துவிடும் பிடியுங்கள் என்று மடியிலிருந்த பீடிக்கட்டை என்னிடம் தந்தார். தண்ணீரை விளாவி அவர் முதுகில் ஊற்றினேன். தோளெலும்பு இரண்டும் அவளுடையதைப் போலவே துருத்திக்கொண்டு நின்றன.

குளித்ததும் திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். படையல் முடிந்து நான் பஸ் ஏறும் வரை கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பீடிக்கட்டு பதுளை வரை என் பையில் வந்தது.

இப்போது அவள் வழக்கமாகப் பேசிய மாலை நேரத்தில் நான் மாமாவுக்குப் போன் எடுக்கிறேன். சுடுதண்ணீரில் குளித்தீர்களா என்று கேட்கிறேன். குளித்தேன் என்கிறார். பீடியைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை.