முதல் வரியில் ஐந்தருவி

ஷிஃபா செய்தது ஒரே ஒரு தப்பு. அதில் முத்துவடிவு அக்காவின் பஜ்ஜிக்கடை போயே போச்சு.

குற்றாலத்துத் தண்ணீரில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அவளுடையது. ஐந்தருவியில் ஒரு பாட்டில், லாட்ஜ் சாக்கடையில் ஒரு பாட்டில், இப்படிப் பன்னிரண்டு. அவள் ஐந்தருவியில் தண்ணீர் பிடித்த அன்று சாரலில் குடை பிடித்ததே முத்துவடிவுதான். "ஏட்டி, நனையாத, இங்கன நில்லு" என்று அருவிக்கரையில் இருந்த தன் கடைத் தார்ப்பாய்க்குள் இழுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டின் டிஎன்ஏவையும் ஒன்றாகக் கலந்துதான் மெஷினில் ஓட்டுவார்கள். பின்னால் பிரிப்பதற்காக ஒவ்வொன்றிலும் எட்டெழுத்தில் ஒரு பார்கோடு ஒட்டியிருக்கும். பிரிக்கிற வேலை ஷிஃபாவுக்கு.

எந்த பார்கோடு எந்த பாட்டிலுக்கு என்று அவள் எழுதிய பட்டியலைப் பார்த்ததும் கைடு வல்லிநாயகம் சார் முகம் சுளித்தார். "மொதல் வரியிலயா சாக்கடைய எழுதுவாவ? ஐந்தருவியப் போடும்மா, மங்களமா இருக்கட்டும்."

போட்டாள். அப்புறம், பாதி டேட்டா எந்தக் கோப்பிலும் சேராமல் கிடக்குதே என்று சார் கத்தினார். இரண்டெழுத்து பிசகினாலும் சேர்த்துக்கொள் என்று புரோகிராமைத் தளர்த்திவிட்டாள். சாக்கடை பார்கோடுக்கும் ஐந்தருவி பார்கோடுக்கும் வித்தியாசமே இரண்டெழுத்துதான். மேலிருந்து தேடி, முதலில் பொருந்தியதில் போட்டுவிடும் புரோகிராம் அது. சாக்கடை அத்தனையும் ஐந்தருவிக் கோப்பில் போய் விழுந்தது. சாக்கடைக் கோப்பு காலி. சாம்பிள் கெட்டுப்போச்சு என்று சார் அந்த வரியையே அடித்துவிட்டார். அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? பாவி மகளுக்குச் செய்யவில்லை.

அறிக்கை கலெக்டர் ஆபீசுக்குப் போனது. அருவியைக் கெடுப்பது கடைக்காரர்கள்தான் என்று நடு சீசனில் பதினேழு கடைகளைத் தூக்கிவிட்டார்கள். லாட்ஜுக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தப்பு கண்ணில் பட்டது. திருத்தி ஓட்டினாள். ஐந்தருவி சுத்தமாக இருந்தது.

"கட்டுரை அச்சாயிட்டு. இப்பம் கிளறினா ஒன் பட்டமும் போகும், எம் பேரும் போகும்" என்றார் சார்.

ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் முத்துவடிவு இப்போது வெள்ளரிக்காய் விற்கிறாள். ஷிஃபா போய் எல்லாவற்றையும் சொன்னாள், அழுதாள். கேட்டு முடித்ததும் முத்துவடிவு கையை நீட்டினாள்.

"அப்பம் எங்க மேல தப்பில்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுட்டி. கொண்டுபோயி காட்டுதேன்."

திருத்திய அறிக்கை ஷிஃபாவின் பையில்தான் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாரிட்ட கேட்டுச் சொல்லுதேங்க்கா."

முத்துவடிவு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தூறல் விழ ஆரம்பித்தது. "சரி, கேளு. நனையாத, இங்கன நில்லு" என்று குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

ஷிஃபா நின்றாள். பஸ் வந்ததும் தென்காசிக்கு ஏறிப் போய்விட்டாள்.