செவ்வாய்க்கிழமை மௌனம்

இந்திராணிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது, குரல் திரும்புமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் கணவர் மயில்வாகனம் குமரகோட்டத்து முருகனிடம் வேண்டிக்கொண்டார்: அவள் பேசிவிட்டால், ஒரு வருஷத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் தான் பேசாமல் இருப்பதாக. அவள் பேசிவிட்டாள்.

முதல் செவ்வாயன்றே, தறியில் உட்கார்ந்தவர், "நூலு அறுந்துக்கினே இருக்குது" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு இந்திராணி திங்கட்கிழமை சாயங்காலமே, ஞாபகத்துக்காக, அவர் மணிக்கட்டில் சிவப்புப் பட்டு நூலைக் கட்டிவிடுவாள்.

ஆடி மாதச் செவ்வாய் ஒன்றில், அவர் நெய்து கொடுக்கும் பட்டுக் கடையின் முதலாளி வந்தார். கல்யாணப் புடவை, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கே வேண்டும் என்றார். மயில்வாகனம் யாரிடமும் முடியாது என்று சொன்னவரில்லை. சரி என்று சொல்லிவிட்டு, தூங்காமல் நெய்வார். அன்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, தலையையாவது ஆட்டலாமா என்று யோசித்தார்.

"அவரு இன்னிக்குப் பேசமாட்டாருங்க. நான் சொல்றேன், முடியாது. அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் ஆவும்," என்றாள் இந்திராணி.

முதலாளி, "சரிம்மா, அப்பவே குடுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவ்வளவுதான். மயில்வாகனத்துக்கு அன்று முழுக்க ஆச்சரியம் தீரவில்லை.

வருஷம் முடிந்து, இருவரும் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வெளியே வந்தார்கள்.

"இனிமே செவ்வாக்கெழமையும் பேசலாங்க."

"இல்லமா. இன்னொரு வருஷத்துக்கு வேண்டிக்கினேன்."

"எதுக்கு?"

"முடியாதுன்னு சொல்ல எனக்கு இன்னும் வரல."

இந்திராணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.