வீட்டு இருட்டு, கடை இருட்டு

ஒரு ஊரில் ஒரு சூரியன் இருந்ததாம். வந்ததுதான் வந்தது, திரும்பிப் போகவே இல்லையாம்.

அந்த ஊருக்குக் காஞ்சரங்குளம் என்று பெயர். அங்கே பொழுது சாயாது. அதனால் இருட்டு கம்பி வழியாகத்தான் வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு நிலையத்தில் இருட்டைத் தயார் செய்து, கம்பத்துக்குக் கம்பம் இழுத்து, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துக் கொடுத்தார்கள். படுக்கிற சங்கு ஊதினால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்விட்சைப் போடுவார்கள். கறுத்த பல்பிலிருந்து இருட்டு இறங்கி, முதலில் கட்டிலுக்கு அடியில் நிறையும். பிறகு தண்ணீர் மாதிரி மேலே ஏறும். எழும்புகிற சங்குக்கு அணைத்துவிடுவார்கள். உயிர் போவதும் அந்த இருட்டில்தான். வெளிச்சத்தில் யாருக்கும் போகாது. நாலு பேர் பார்க்க நின்று சேலை மாற்ற முடியாதில்லையா, அது மாதிரி.

இருட்டு வேலையை எல்லாரும் செய்துவிட முடியாது. லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் என்பது சுண்ணாம்பு டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா. அதற்குள் நிலையத்துக்காரர்கள் அள்ளிக் கொடுத்த கொஞ்சம் இருட்டு இருக்கும். வேலைக்கு வருகிற எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று டப்பாவைத் திறக்க வேண்டும். வீட்டுக்காரர் ஆள்காட்டி விரலை உள்ளே விட வேண்டும். விரல் கணு வரைக்கும் காணாமல் போய், வெளியே எடுத்ததும் சுத்தமாக வந்தால் அவர் லைசன்ஸ் உள்ள ஆள். கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே இருப்பது கண்மை. ‘விரலை விடாமல் ஆளை விடாதே’ என்று அந்த ஊரில் சொலவடையே உண்டு.

அமிர்தகனி விரலை விடாமல் ஆளை விட்டாள்.

அவளுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. முன்பக்கம் போட்டோ ஸ்டூடியோ, பின்பக்கம் குடித்தனம். ஸ்டூடியோவுக்கு கமர்சியல் லைன், வீட்டுக்கு வீட்டு லைன். கோடை வந்தால் வீட்டு லைனில் இருட்டு வெட்டு வரும். கடை லைனில் வெட்டு கிடையாது. அவள் புருஷன் தேவசகாயம் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வைத்தியம் பார்த்தவர், “இனி மருந்துல ஒண்ணும் இல்ல. நல்ல இருட்டுல படுக்கப் போடுங்க, அது பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். அந்த நேரம் பார்த்துக் கோடை. அவள் கொழுந்தன் பால்துரை, “இதுக்குப் போயி மலைக்காதீங்க மதினி, கடை லைன்லருந்து உள் ரூமுக்கு ஒரு கம்பி இழுத்தாப் போச்சு” என்று ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த ஆள் டப்பாவைத் திறந்து தூரத்திலிருந்து காட்டினான். கறுப்பாகத்தான் இருந்தது. அவள் கையில் அப்போது கஞ்சிப் பாத்திரம் இருந்தது.

வேலை முடிந்தது. உள் ரூமில் வெட்டே இல்லாமல் இருட்டு வந்தது. ஆனால் அது கடை இருட்டு.

வீட்டு இருட்டு வேறு, கடை இருட்டு வேறு. வெளியே இருப்பதை உள்ளே கொண்டுபோவது வீட்டு இருட்டு. அதனால்தான் தூக்கம் வரும். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது கடை இருட்டு. அதனால்தான் டார்க் ரூமில் வெள்ளைத் தாளில் மூஞ்சி வரும். தேவசகாயம் அதில் படுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் தெளிவாகிக்கொண்டே போனார். ஒவ்வொரு சங்குக்கும் அவர் உடம்பில் ஏதாவது ஒன்று மேலே வந்தது. அம்மை குத்திய தழும்பு வந்தது. சின்ன வயதில் நாய் கடித்த பல் அடையாளம் வந்தது. கல்யாணத்தன்று சவரம் செய்யும்போது வெட்டிய கீறல், அன்றைக்கு மாதிரியே ஈரமாக, மோவாயில் வந்து நின்றது. வலியும் அப்படித்தான். முன்பு புகைமூட்டமாக இருந்த வலி, இப்போது ஓரம் ஓரமாகப் பிசிறில்லாமல் தெரிந்தது.

தெளிவாகிறவருக்கு உயிர் போகாது. அது அமிர்தகனிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அவள் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம், “லைசன்ஸ் ஆளுங்க எங்க கெடைக்காங்க” என்றாள். லைசன்ஸ் ஆட்களோ கடைத்தெருவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கம்பியில் கடை இருட்டு வீட்டுக்குப் போனால் வீட்டு இருட்டு கடைக்கு வரும். டார்க் ரூமில் கழுவி எடுத்த போட்டோக்களில் எல்லாரும் கண்ணை மூடித் தூங்கினார்கள். பக்கத்துத் தெரு லூர்தம்மாள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த மகளின் போட்டோவோடு வந்து நின்றாள்.

“ஏட்டி அமிர்தம், எம் மக என்ன செத்தா போனா? மாப்பிள்ள வீட்டுல கேக்காங்க, பொண்ண எழுப்பி விடுறதுக்கு ஒரு ஆளும் சேத்து அனுப்புவீங்களான்னு.”

“எடுக்கும்போது முழிச்சுத்தான இருந்தா லூர்தக்கா.”

“முழிச்சாளா? உன்ன முறைச்சே பாத்தா. கழுவி எடுத்தா குறட்ட விடுதா. உள்ள வச்சித் தாலாட்டா பாடுத?”

“இன்னொரு தடவ கழுவித் தாறேன்.”

“கழுவு, கழுவு. அதுக்குள்ள அவுக வேற முழிச்ச பொண்ணாப் பாத்துருவாக.”

லூர்தம்மாள் போன பிறகு அமிர்தகனி உள் ரூமுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். தேவசகாயம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தூங்குனேனா அமிர்தம்?”

“கொஞ்சம் கண்ணசந்தீங்க.”

“பொய் சொல்லாதட்டி. எனக்கு என் எலும்பே ஒண்ணொண்ணாத் தெரியுது.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். “ஒரு ஆளக் கூட்டிட்டு வா. பால்துர கூட்டிட்டு வந்த மாதிரி இல்ல. விரல விட்டுப் பாத்துக் கூட்டிட்டு வா.”

இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்று அவர் கேட்கவில்லை. கஞ்சியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கையால் போதும் என்றார்.

அவள் கடைத்தெருவுக்குப் போய் வரிசையில் முதலில் இருந்தவரைக் கூப்பிட்டாள். அவர் பெயர் கொம்பையா. மெலிந்த மனிதர். தோளில் ஏணியோடு வந்து, வாசலில் அதைச் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். அமிர்தகனி விரலை விட்டாள். உள்ளே கிணற்றடி மாதிரிக் குளிர்ச்சியாக இருந்தது. விரல் கணு வரைக்கும் இல்லாமல் போனது. எடுத்தாள். சுத்தமாக வந்தது.

“திருப்தியாக்கா?”

“திருப்திதான் தம்பி.”

“அப்ப ஒரு காப்பி போடுங்க. இருட்டுல கை வைக்கதுக்கு முன்னால வயித்துல சூடா எதாவது கெடக்கணும்.”

காப்பி குடித்துவிட்டு அவர் ஏணியில் ஏறி மெயின் போர்டைத் திறந்தார். டெஸ்டரை ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தார். டெஸ்டருக்குள் எரிந்துகொண்டிருந்த சின்ன வெளிச்சம் சில முனைகளில் அணைந்தது, சிலவற்றில் நடுங்கியது.

“யாரு செஞ்ச வேலக்கா இது?”

“கொழுந்தன் கூட்டிட்டு வந்த ஆளு.”

“இந்த ஊர்ல பாதி வீட்டுக்குக் கொழுந்தன் கூட்டிட்டு வந்த ஆளுதான் வேல செஞ்சிருக்கான். ஒரு நாளாவது அவனப் பாத்துரணும்னு இருக்கேன்.” போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசினார். “கடையவும் வீட்டையும் ஒரே நியூட்ரல்ல முடிச்சு விட்டுருக்கான். எர்த்தும் இல்ல. எர்த்து இல்லாட்டி இருட்டு எங்க போகும்? வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும்.”

அமிர்தகனி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, கடைப்பக்கம் மட்டும் சரி பண்ணுங்க. உள் ரூம் அப்படியே இருக்கட்டும்.”

கொம்பையா கீழே இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார்.

“ஒரே கம்பிக்கா. ஒரு முனையக் கழட்டுனா மறு முனையும் கழண்டுதான் நிக்கும்.”

“அப்ப ரெண்டையும் விட்டுருங்க.”

“விட்டுருதேன். எனக்கென்ன, காப்பி குடிச்சாச்சு.”

அவர் ஏணியை மடக்கினார். உள்ளேயிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது.

“அமிர்தம், யாரு வந்திருக்கா?”

“எலக்ட்ரீஷியன்.”

“டப்பாவப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“விரலு எப்படி வந்துச்சு?”

அவள் விரலைப் பார்த்தாள். கறுப்பாக வந்தது என்று சொன்னால் போதும். அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். ஆளை அனுப்பிவிடலாம். படுக்கிற சங்குக்கு ஸ்விட்சைப் போட்டால், எழும்புகிற சங்குக்கு இன்னொரு தழும்போடு அவர் அங்கேயே இருப்பார். அதற்கு அடுத்த சங்குக்கும் இருப்பார். கொம்பையா மடக்கிய ஏணியைப் பிடித்தபடி, அது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி, சுவரில் மாட்டியிருந்த ஊர்ப் பிள்ளைகளின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாப் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தது.

உள் ரூமில் கட்டில் முனகியது. அவர் புரண்டு படுக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

“சுத்தமா வந்துச்சுங்க,” என்றாள்.

கொம்பையா ஏணியை மறுபடி விரித்தார்.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த்துக் கம்பியை இறக்கினார். கடை லைனைக் கடைக்கும் வீட்டு லைனை வீட்டுக்குமாகப் பிரித்தார். உள் ரூமில் பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். இறங்கி வந்து சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தேவசகாயத்திடம், “முடிஞ்சிருச்சு அண்ணாச்சி,” என்றார்.

“இன்னிக்கி வெட்டு ஒண்ணும் இல்லியே?”

“இல்ல அண்ணாச்சி. கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

வெளியே வந்து அமிர்தகனியிடம் சொன்னார். “லைன் பிரிச்சா முத ஸ்விட்ச வீட்டுக்காரங்கதான் போடணும். நான் போட்டா லைசன்ஸ் போயிரும். எழும்புற சங்குக்கு அப்புறம் பல்பக் கழத்த நான் இருக்கேன். ஒருத்தர் போன பல்பு இன்னொருத்தருக்கு ஆகாது. அவர்ட்டயே குடுத்து விட்டுரணும்.” பிறகு ஸ்டூடியோவுக்குள் போய், அருவி வரைந்த திரைக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படுக்கிற சங்கு ஊதியது. அமிர்தகனி ஜன்னலைச் சாத்தினாள்.

“சட்டை போட்டு விடு,” என்றார் தேவசகாயம். “அந்த நீலம்.”

போட்டுவிட்டாள். பொத்தான்கள் அவள் கைக்குப் பிடிபடவில்லை. அவர் பொறுமையாக இருந்தார்.

“ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?”

“இவ்வளவு நாளும் எடுக்காம இப்ப என்ன? கண்ண மூடிட்டுத்தான் வருவேன்.” அவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாகி, அடங்கியது. “போடு புள்ள. அசதியா இருக்கு.”

ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையை எட்டினாள். எட்டவில்லை. கையை விட்டுவிட்டுத்தான் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு ஓடி வந்து திரும்பப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டு கட்டிலுக்கு அடியில் நிறைந்தது. அவள் கணுக்காலுக்கு ஏறியது. பிறகு மெத்தைக்கு வந்தது. நாய் கடித்த பல் அடையாளம் உள்ளே போனது. அம்மைத் தழும்பு உள்ளே போனது. வலி ஓரம் கலைந்து மறுபடி புகையானது. மோவாயில் இருந்த கீறல் மட்டும் கடைசி வரைக்கும் தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

அவர் குறட்டை விட்டார். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்த அதே குறட்டை. அதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழும்புகிற சங்குக்கு முன்னால் அது நின்றது.

சங்கு ஊதியதும் ஸ்விட்சை அணைத்தாள். முன்பக்கம் டார்க் ரூமில் கிளிப்பில் தொங்கிய போட்டோக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. லூர்தம்மாள் மகள் முறைத்தாள்.

கொம்பையா வந்து, பல்பைத் துணி சுற்றிக் கழற்றி, பழைய காகிதத்தில் பொதிந்து கட்டிலில் வைத்தார். ஏணியைத் தோளில் எடுத்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘வாறேன்’ என்று சொல்வதில்லை. அவரும் சொல்லாமல் போனார்.

தேவசகாயம் எழுந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதைச் சரி செய்துகொண்டார். கட்டிலுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டினார். பல்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டூடியோ வழியாக நடந்து வாசலுக்கு வந்தார். எதிர்க் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனால்கூட ‘போய்ட்டு வாறேன்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போகிற மனிதர். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார்.

“வெயிலா இருக்கு,” என்று அமிர்தகனி குடையை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கி விரித்தார்.

“போங்க,” என்றாள்.

அவர் படியிறங்கித் தெருவில் நடந்தார். காகிதப் பொட்டலத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. அவர் கடந்துபோகப் போக, தெருவில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் நின்ற இடத்திலேயே இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டு தூங்கின. அவர் போன பிறகு எழுந்து மறுபடி மேய்ந்தன. கடைசிக் கோழியும் எழுந்தபோது குடை தெருமுனையில் திரும்பிவிட்டது.