சொல்லப் போகிறவள்

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனுக்குத் தன் மனைவி முதலில் அறிமுகமானது குரலாகத்தான். பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கிருந்து கிளம்பும் என்று அறிவிக்கிற வேலை அவளுக்கு. வண்டி தாமதம் என்பதைக்கூட யாருக்கும் கோபம் வராதபடி சொல்லிவிடுவாள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, வயது வரம்பு தாண்டுவதற்குள் போலீசில் சேர வேண்டும் என்றாள்.

"மைக்ல பேசுறவளுக்கு லத்தி எதுக்கு?" என்றான்.

"சின்ன வயசு ஆசைங்க. வாய் விட்டுச் சொல்ல இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு."

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. காலையில் மைதானத்தில் அவளோடு சேர்ந்து அவனும் ஓடினான். அவர்களோடு குடியிருந்த தம்பி, கூரியர் டெலிவரி வேலை பார்க்கிறவன், படியில் உட்கார்ந்து கேலி செய்வான். "அண்ணி ஓடுறாங்க, அண்ணன் உருளுறான்." அவள் தேறிய நாளிலிருந்து அண்ணியை அவன் "ஐயா" என்றுதான் கூப்பிட்டான்.

ஸ்டேஷனில் அந்தக் குரலை இன்ஸ்பெக்டர் சீக்கிரமே கண்டுகொண்டார். விபத்தில் யாராவது இறந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவளையே அனுப்பினார். "நீ சொன்னா எப்படியோ தாங்கிக்கறாங்கம்மா" என்பார். "உக்காருங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிப்பாளாம். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் கை கழுவுவாள். ஆரம்பத்தில் அவன் விசாரித்தான். பிறகு விட்டுவிட்டான்.

ஒரு மாலை அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது, "உக்காருங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். விஷயம், வாஷிங் மெஷின் ஓடவில்லை என்பதுதான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தக் குரலை ஸ்டேஷன்லயே வெச்சிட்டு வாம்மா."

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் சத்தமாகவே பேசினாள். சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதட்டல் போல இருந்தது. தான் கட்டிக்கொண்ட குரல் ஊரார் வீடுகளில் செலவாகிறதே என்று அவனுக்குத் தோன்றும். சொல்லிக்கொண்டதில்லை.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், பஸ்சுக்கு அடியிலிருந்த பள்ளத்தில் நின்று கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"மேல வாங்க. தம்பி போயிட்டான். லாரி மோதி. அங்கேயே போயிட்டான்."

கட்டளை போடுகிற சத்தம். டிப்போவே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அவன் அவளோடு பேசவில்லை. ஒரு காலை தம்பியின் சட்டைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அடக்க முடியாமல் கேட்டான்.

"யார் யார் வீட்டுக்கோ போய், உக்கார வெச்சுப் பதமா சொல்ற. என் தம்பி செத்ததை மட்டும் சந்தையில கூவுற மாதிரி சொன்னியே. நான் அன்னிக்கு அப்படிச் சொன்னதுக்காகவா?"

"அதுக்காக இல்லீங்க." சட்டையைக் கீழே வைத்தாள். "வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். எல்லாமே வேற யாருக்கோ சொன்ன வார்த்தைங்க. அவன் முகத்தைப் பார்த்துட்டு வந்து, அதையே எடுத்து அவன் சாவுக்கும் சொல்ல எனக்கு வாய் வரல. வேற வார்த்தையும் தெரியல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தான். கோணலாக வந்தது. அவள் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"வேலையை விட்டுடறியா?"

"விட்டா வேற யாராவது போவாங்க. வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டுத் திரும்பிடுவாங்க."

அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சாவைச் சொல்லும்படி அவளுக்குப் போன் வந்தபோது ஸ்டேஷனில் ஜீப் இல்லை. "நான் கொண்டு விடறேன்" என்று பைக்கை எடுத்தான்.

அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் கையில் பேப்பரோடு வந்து, சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். இருவரும் உள்ளே போனார்கள். பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலறல் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நாற்காலி ஒன்று இழுபடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவள் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

"வீட்டுக்கா, ஸ்டேஷனுக்கா?"

"ஸ்டேஷனுக்கு."

சிக்னலில் நின்றபோது முதுகில் நடுக்கம் தெரிந்தது. இன்ஜின் நடுக்கம் எது, ஆள் நடுக்கம் எது என்று அவனுக்குத் தெரியாதா. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. பைக்கை மெல்ல ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் இறங்கவில்லை.