புகை வராத சனிக்கிழமை

1938 நவம்பரிலிருந்து இத்தாலியின் மொந்தெரூசோ ஊரில் லாத்தெஸ் என்ற யூதக் குடும்பத்தின் வீட்டு அடுப்பு சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குத் தானாகப் பற்றிக்கொண்டது. அதுவரை அதை மூட்டியவள் அடுத்த வீட்டுக் கரிக்கடைக்காரர் ஒரெஸ்தேயின் மகள் அசுந்தா. ஓய்வுநாளான சனிக்கிழமையில் யூதர்கள் நெருப்பைத் தொடமாட்டார்கள் என்பதால் ஒன்பது வயதிலிருந்து அவள்தான் போய் மூட்டுவாள். அந்த வீட்டுப் பையன் எலியோ பக்கத்தில் நின்று, ஊதத் தெரியவில்லை என்று கேலி செய்வான். கேலி எப்போது காதலானது என்று ஊரில் யாரும் குறித்துவைக்கவில்லை. அந்த நவம்பரில், யூதர் வீட்டில் மற்றவர்கள் வேலை செய்யக்கூடாது என்று ரோமில் சட்டம் போட்டார்கள். அவள் போவது நின்றது, நெருப்பு நிற்கவில்லை. அவள் தன் படுக்கையில் கண்விழித்து எலியோவை நினைத்த நொடியில் அங்கே விறகு பற்றியது. ஊர் இரண்டு வாரம் பேசியது, பிறகு ஆலிவ் அறுவடை வந்துவிட்டது. லாத்தெஸ் குடும்பம் ஒரு கல்யாணத்துக்காக லிவோர்னோ போயிருந்த மாதம் மட்டும் அடுப்பு பற்றவில்லை. அதையும் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

1943 டிசம்பரில் யூதர்களைப் பிடிக்க உத்தரவு வந்தபோது, எலியோவும் அவன் அம்மாவும் மலைக்கு ஓடிவிட்டதாக ஊர் நம்பியது. உண்மையில் அவர்கள் தங்கள் வீட்டுக்கு அடியிலேயே, பாறையில் குடைந்த ஒயின் நிலவறையில் இருந்தார்கள். ஒரெஸ்தேயின் நிலவறைச் சுவரில் ஒரு கல்லை உருவினால் ரொட்டி கொடுக்கலாம். பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைப் படைக்காரன் கோர்சி முட்டாள் அல்ல. முட்டாளாக இருந்து தொலைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை சந்தையில் நின்று, நாளை அந்தப் புகைபோக்கியில் புகை வந்தால் ஆள் உள்ளேதான் என்று சொல்லி, நான்கு துப்பாக்கிக்காரர்களை வரச் சொன்னான்.

அசுந்தா ஓடிப்போய்க் கல்லை உருவி விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு நீ என்னை நெனைக்கக் கூடாது," என்றான் எலியோ.

"சொல்றது சுலபம்டா. கண்ணு முழிச்சாலே நீதான் வந்து நிக்கிற."

"என் கெட்ட குணத்தையெல்லாம் எண்ணிப் பாரு. வெறுத்துடும்."

"எண்ணிட்டேன். சிரிப்புதான் வருது."

"அப்போ மொத்தமா மறந்துடு. அம்மாவுக்காக."

அன்று பிற்பகல் அவள் கரி மூட்டைமேல் உட்கார்ந்து அவனை மறக்கத் தொடங்கினாள். முதலில் பள்ளிக்கூட நாட்களை மனதிலிருந்து விட்டாள், பிறகு ஆற்றங்கரையை, அவன் குரலை, கழுத்து மச்சத்தை. கொடுமையான வேலை. அழுதுகொண்டேதான் செய்தாள், மாலை மணி அடித்தபோது எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் நான்கு பேரும் மதியம்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, கோர்சியைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் புகை வரவில்லை. ரொட்டியைக் கொடுக்கச் சொன்னால் யாருக்கு என்று மகள் கேட்டாள். ஒரெஸ்தே தானே கொண்டுபோனார். ஜனவரியில் எலியோவின் அம்மா குளிரில் விறைத்து இறந்தாள். ஜூனில் நேசநாட்டுப் படை நெருங்கி, கருஞ்சட்டைகள் ஓடியதும் எலியோ மேலே ஏறி வந்து கரிக்கடை வாசலில் நின்றான்.

"என்ன வேணுங்க?" என்று கேட்டாள் அசுந்தா.

"ஒண்ணும் வேணாம். என் பேரு எலியோ. பக்கத்து வீடு."

"அப்படிங்களா? அந்த வீட்ல யாருமே இல்லன்னு நெனச்சேன்."

மறுநாளும் அவளுக்கு அவனைத் தெரியவில்லை. அவன் மறுபடி பெயரைச் சொன்னான். பதினொரு வருடமாகத் தினமும் காலையில் வந்து சொல்கிறான், அவளும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாள். கரி வாங்க வருகிறவர்கள் அவன் சொல்லி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்பார்கள்.