பதினோரு பேருக்கு முதலாளி

கம்பெனி கொடுத்த அறையில் அவருக்கு ‘வக்கீல்’ என்று பேர். வந்த வேலை என்னவோ ஏசி மெக்கானிக் வேலைதான். ஆனால் எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டார். கூட இருந்த ஐந்து பேரும் செல்போன் சிம் வாங்குவதென்றால்கூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். “படிக்காம போடாதீங்கப்பா, தலையே போனாலும் படிக்காம போடாதீங்க” என்று உபதேசம் வேறு.

அப்பேர்ப்பட்டவர், இந்த நாட்டில் வந்து இறங்கிய மூன்றாம் நாள், ஓர் எழுத்துகூடப் புரியாத ஏழு காகிதங்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதை மட்டும் அறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடந்தது இதுதான். கம்பெனி மேனேஜர் தமிழில் பேசினார். வெளிநாட்டில் மூன்று நாளாகத் தமிழ் கேட்காத காதுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“இது ரூமுக்கு. இது இன்சூரன்சுக்கு. இது உங்க சார்பா கம்பெனி ஆபீஸ் ஆபீஸா அலையறதுக்கு. வெயில்ல உங்களை நிக்க வைக்கக்கூடாதுன்னு முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு.”

முகம் தெரியாத முதலாளிக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா என்று நம்ம ஆள் உருகிப்போனார். முதல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், கலெக்டர் கையெழுத்து மாதிரி இருக்கு!” என்றார் மேனேஜர். அவ்வளவுதான். மீதி ஆறையும் வாலை இன்னும் நீளமாக இழுத்துப் போட்டார். கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை வைக்க உட்கார்ந்திருந்த அத்தாட்சி அதிகாரி, “புரிந்துதான் போடுகிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில் “எஸ், எஸ்” என்று இரண்டு தரம் சொன்னார்.

இரண்டு வருஷம் ஓடியது. ஊரில் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். லீவு கிடைத்தது. ஊருக்குப் போக அனுமதி வாங்க அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சட்டென்று குரலில் மரியாதை ஏறியது.

“சார், நீங்கள் போக முடியாது. உங்கள் சலவை நிலையத்தில் பதினோரு தொழிலாளர்கள் உங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணை.”

“என் சலவை நிலையமா?” என்றார் அவர். தன் சட்டையையே ஒழுங்காகத் துவைக்காத ஆள்.

அவள் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். பஸ் பிடித்துப் போனார். ஒரு முட்டுச்சந்தில், நீராவி வாசலுக்கே வந்து அடிக்கிற கடை. உள்ளே சுவரில் கண்ணாடி போட்ட லைசென்ஸ். அதில் அவருடைய பாஸ்போர்ட் போட்டோ. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் போட்டோவைப் பார்த்தார், வாசலில் நின்றவரைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நீதானா அந்த முதலாளி?” தமிழ்தான். “ரெண்டு வருஷமா உன்னைத் திட்டாம நாங்க ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லய்யா. எங்க பாஸ்போர்ட்டை எல்லாம் பூட்டி வச்சிருக்கியே, ஒருத்தனையாவது ஊருக்கு விட்டியா? எங்கப்பன் செத்ததுக்குக்கூட நான் போகல.”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுவரிலிருந்து அவரே அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் போனபோது அவர் சிரித்தார். “சும்மா பேருக்குத்தான் சார் நீங்க. விசாரணைக்கு உங்களுக்குப் பதிலா நான் போய்ப் பேசிக்கறேன். நீங்க ஏன் அலட்டிக்கிறீங்க?”

கெஞ்சிக் கூத்தாடி, ‘உங்க சார்பா அலையறதுக்கு’ என்று கையெழுத்து வாங்கின அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்புக் கடை நடத்திய தமிழ்க்கார அம்மாவிடம் கொடுத்தார். அந்தம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தாள். “உங்க பேர்ல கடை தொடங்கலாம், ஆள் எடுக்கலாம், ஆளை நிறுத்தலாம், கேஸ் நடத்தலாம், விக்கலாம், வாங்கலாம். உங்களுக்காக இன்னொரு கல்யாணம் பண்றதை மட்டும்தான் எழுதாம விட்டிருக்காங்க.”

“இதுக்கு மருந்தே கிடையாதாம்மா?”

“கொடுத்தவங்களே திரும்ப எடுத்துக்கலாம். ஒரே ஒரு பக்கம்தான்.”

அன்று சாயங்காலம் மனைவிக்கு போன் போட்டார். இரண்டு வருஷமாக மறைத்ததை எல்லாம் கொட்டினார்.

“ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்ற வாய் உங்களுக்கு.”

“திட்டு. எவ்வளவு வேணாலும் திட்டு.”

“திட்டி என்ன ஆகப்போகுது? அந்த இஸ்திரிக்காரர் அப்பா சாவுக்கே போக முடியலங்கறாரே... நீங்கதானே முதலாளின்னு எழுதியிருக்கு? அப்ப முதலாளி செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டு வாங்க. எனக்கு அக்கா இருக்கா, பார்த்துப்பா.”

மறுநாளே அந்தம்மாவோடு அத்தாட்சி அலுவலகத்துக்குப் போய், கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்தார். ஒவ்வொரு வரியையும் அந்தம்மாவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னதில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரைக் கடித்துத் தின்னாத குறை.

விசாரணை அறையில் மேனேஜர் ஃபைலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவர் நீட்டிய அதிகாரப் பத்திரத்தைப் பார்த்து, ரத்தாகிவிட்டது, இது செல்லாது என்று தள்ளி வைத்தார். “முதலாளி யார்?”

நம்ம ஆள் எழுந்தார்.

“நான்தாங்க.”

அந்தம்மா மொழிபெயர்த்தாள். பின்னால் பதினோரு பேரும் கசமுசவென்று பேசினார்கள். பாஸ்போர்ட்டுகள் எங்கே என்று கேட்டார் அதிகாரி. “கடை பீரோவுல இருக்கு. சாவி அவர்கிட்ட இருக்கு” என்று மேனேஜரைக் காட்டினார் இஸ்திரிக்காரர். சாவியை முதலாளியிடம் கொடுக்கும்படி உத்தரவானது.

“நீங்க எங்க கம்பெனி மெக்கானிக். மறந்துடாதீங்க” என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மறக்கல சார். வெளிய போனதும் மெக்கானிக்தான். இப்ப சாவியைக் கொடுங்க.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. குரல் கடைசியில் கீச்சென்று போனது வேறு விஷயம்.

அன்றைக்கே பீரோ திறந்தது. பதினோரு பாஸ்போர்ட். யார் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று முதலாளி கையெழுத்தோடு பதினோரு விடுவிப்புக் கடிதம். இஸ்திரிக்காரர் தன்னுடையதை வாங்கி, முதல் பக்கத்திலிருந்த தன் பழைய முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “டீ குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டார். நீ, ‘நீங்க’ ஆகியிருந்தது.

மறுநாள் அவருக்கு வேலை போயிற்று. அறையும் போயிற்று. சலவை நிலையத்தை முறைப்படி மூடும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது என்றார்கள். அதற்கு ஆறு வாரம். பூட்டின கடையின் துணி மடிக்கிற மேஜைதான் கட்டில். ஆபரேஷன் அன்று நாள் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு மனைவியின் அக்கா கூப்பிட்டு, “கண்ணு முழிச்சிட்டா” என்றாள். அதன்பிறகுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மனைவி மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தண்ணீர்க் குடமெல்லாம் இவர் பொறுப்பு. மூன்றாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சலவை நிலையக் கதையை நடித்தே காட்டினார். மேனேஜர் சொன்னது, தான் உருகினது, “எஸ், எஸ்” என்றது எல்லாம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“போதும், நிறுத்துங்க. சிரிச்சா தையல் போட்ட இடம் வலிக்குது.”

அவர் நிறுத்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“சரி, அப்புறம் அந்த விசாரணை ஆபீசர் என்ன கேட்டாரு?”