ஆளுக்கொரு கிண்ணம்

க்ளெனிஸ் "ஆசியக் கல்யாணம்" என்று அறிவித்த அன்றைக்கே தோவா வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆசியா என்ன ஒரே தெருவா, இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனையில் முடிய? க்ளெனிஸுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊரான மில்டூராவை விட்டு அவர் கடல் தாண்டிப் போனது ஒரே ஒரு முறை, பாலித் தீவுக்கு. அங்கேயும் நீச்சல்குளத்துப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்துவிட்டு வந்தார். அந்தத் தெம்பு போதாதா? தன் மகன் ஆங்கஸ் ரொட்டிக்கடை வியட்நாமியர் வீட்டுப் பெண் தோவாவைக் கட்டப் போகிறான் என்று தெரிந்ததும், கல்யாண ஏற்பாடு மொத்தத்தையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் வேர்களை நாங்க மதிக்கணும், கண்ணு. இந்த ஊர்ல எல்லாரும் மதிக்க மாட்டாங்க. நான் மதிப்பேன்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். அதுதான் கஷ்டமே.

தோவாவின் வேர் மில்டூரா ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கே பிறந்து, கடைக்குப் பின்புறம் மாவு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்து, தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே இப்போது பாடம் நடத்துகிறாள். அவள் ஆசைப்பட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் வீட்டில் அப்பா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். மதியம் ஆற்றங்கரை மரத்தடியில் அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, ஊரோடு உட்கார்ந்து தின்ன வேண்டும். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட வேண்டும்.

அதற்குப் பதிலாக வாராவாரம் பெட்டி பெட்டியாக ஆசியா வந்து இறங்கியது. ஜப்பான்காரர்களின் காகிதச் செர்ரிப் பூ. சீன டிராகன். பாலிக் குடைகள். தண்ணீர் கொட்டுகிற புத்தர் தலை ஒன்று வந்தது, மின்சாரத்தில் ஓடுவது. தோழிப் பெண்களுக்கு ஜப்பானியக் கிமோனோ அங்கி. மணப்பெண்ணின் கொண்டையில் செருக இரண்டு சாப்ஸ்டிக். சோறு தின்கிற குச்சியைத் தலையில் செருகிக்கொண்டு மணமேடையில் போய் நிற்பதா? இவர்கள் யாராவது முள்கரண்டியைக் கொண்டையில் குத்திக்கொள்வார்களா?

"எப்படி இருக்கு கண்ணு? உண்மையைச் சொல்லணும், ஆமா" என்று ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் க்ளெனிஸ் கேட்பார்.

"அழகா இருக்கு" என்பாள் தோவா. பூம்பூம் மாடு மாதிரி தலையும் ஆடும்.

ஏன் என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது க்ளெனிஸ் சம்பந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் ரொட்டி வாங்க வருகிற வாடிக்கைக்காரி. அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அப்பாவை மெல்போர்னுக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று தெரிந்ததும், கார் சாவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர் அவர்தான். முழுப் பகல் பயணம். போகவும் வரவும் ஓட்டினார், மாதக்கணக்கில். அது போதாதென்று வாரம் தவறாமல் டின் மீனும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் வேகவைத்த ஒரு பண்டத்தைக் கண்ணாடித் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அந்த வாடை பட்டாலே அப்பாவுக்குக் குமட்டும். அம்மா லியென் அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டைப் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்திச்சு" என்பாள். அடுத்த வாரம் இன்னும் பெரிய தட்டு வரும். அப்பா போன பிறகும் அது நின்றபாடில்லை. இன்றைக்கும் வருகிறது.

அம்மாவிடம் தோவா ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் அழாத குறையாகச் சொன்னாள்.

"ம்மா, எனக்கு மூச்சு முட்டுது. அது என் கல்யாணமே இல்ல. நான் அதுல ஒரு பொம்மை."

"ஒரு நாள் கூத்து. பல்லைக் கடிச்சுக்க" என்றாள் லியென், ரொட்டித் தட்டுகளை அடுக்கியபடியே. "உங்க அப்பா வழியெல்லாம் அவ கார்லதான் வாந்தி எடுத்தார். அவ ஒரு தடவை முகம் சுளிச்சாளா? அவளைப் போய் வேணாம்னு சொல்லப் போறியா நீ? அந்த வாய் நமக்கு வேணாம்டீ."

ஆங்கஸிடம் சொன்னாள். அவன் நல்லவன். அம்மாவை எதிர்த்து அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"விடு தோவா. அம்மா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பார்த்ததில்ல" என்றான். "அப்புறம், நீயே அழகா இருக்குன்னுதானே சொன்னே?"

சொன்னாள்தான். அவள் வாய் கட்டிய சுவர்தான் அது, கல் கல்லாக. இப்போது அதற்கு வாசல் வைக்க மறந்துவிட்டு உள்ளே நிற்கிறாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் க்ளெனிஸ் அவளைக் கல்யாணம் நடக்கப்போகிற கிளப் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். கதவுக்கு வெளியே நிறுத்திக் கண்ணைப் பொத்தினார்.

"இது ஒண்ணு மட்டும் உன்கிட்ட காட்டாம வெச்சிருந்தேன். கடையில வாங்கினதில்ல, கம்ப்யூட்டர்ல பார்த்ததில்ல. இது நிஜமாவே உங்களோடது. வா, மெதுவா, படி இருக்கு."

கையை எடுத்தார்.

மேலே டிராகன் தொங்கியது. ஏணியில் நின்று ஆங்கஸ் விளக்குக்கூடு கட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் புத்தர் தலையிலிருந்து தண்ணீர் கொட்டியது. இவையெல்லாம் தெரிந்த கொடுமைகள். தோவாவின் கண் மேஜைகளுக்குப் போனது.

ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் குவித்து வைத்த சோறு. சோற்றின் நடுவில் நெட்டுக்குத்தலாக இரண்டு சாப்ஸ்டிக். அவற்றின் இடுக்கில் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு பெயர். மண்டபம் முழுக்க, மேஜை மேஜையாக, வரப்போகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு கிண்ணம்.

தோவா ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"ஞாபகம் இருக்கா?" என்றார் க்ளெனிஸ், மெல்லிய குரலில். "உங்க அப்பா போன அன்னிக்கு, அவர் தலைமாட்டுல இப்படித்தான் ஒண்ணு வெச்சிருந்தீங்க. நான் அதையே பார்த்துட்டு நின்னேன். எவ்ளோ எளிமை, எவ்ளோ அன்புன்னு. அப்பவே நினைச்சுக்கிட்டேன், இவங்க வீட்டு விசேஷத்துல இதை மறக்கக் கூடாதுன்னு. பேரெல்லாம் நானே என் கையால எழுதினேன். நாளைக்குச் சோத்தை மட்டும் புதுசா மாத்திடலாம்."

அந்தக் கிண்ணத்தில் சோறு குவித்தவளே தோவாதான். அம்மா குச்சிகளைக் கையில் கொடுத்தபோது, நேராக நிற்க வேண்டும் என்று அழுத்தி நட்டவளும் அவள்தான். உயிரோடிருக்கிறவர் சோற்றில் விளையாட்டுக்குக்கூட அப்படிக் குத்தினால் வீட்டில் முதுகில் அறை விழும். இங்கே ஊரையே உட்கார வைத்துப் பெயர் எழுதிப் படைத்திருக்கிறது.

"எப்படி இருக்கு கண்ணு? உண்மையைச் சொல்லணும்."

சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள்.

"அழகா இருக்கு" என்றது வாய்.

அட பாவி வாயே! தோவாவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. கதவு திறந்தது. நாளைக்கு வேண்டிய ரொட்டித் தட்டைச் சுமந்துகொண்டு லியென் உள்ளே வந்தாள்.

வந்தவள் நின்றாள். ஒரு மேஜை, அடுத்த மேஜை, அதற்கடுத்தது என்று அவள் பார்வை மெதுவாகப் போனது. தட்டை இறக்கி வைத்தாள். முன்வரிசையில் தன் பெயர் இருந்த கிண்ணத்தின் முன்னால் வந்து நின்று சீட்டைப் படித்தாள். பக்கத்திலேயே மகள் பெயர். அதற்குப் பக்கத்தில் ஆங்கஸ்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா லியென்?" என்றார் க்ளெனிஸ், இரண்டு கையையும் மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

லியென் நாற்காலியை இழுத்து, தன் பெயருக்குப் படைத்த சோற்றின் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப அழகு. நன்றி" என்றாள்.

அந்தக் குரலை எங்கே கற்றுக்கொண்டோம் என்று தோவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே எட்டில் போய் அம்மா கிண்ணத்திலிருந்த குச்சிகளைப் பிடுங்கினாள். சோறு மேஜையெங்கும் சிதறியது.

"இது செத்தவங்களுக்கு வைக்கிற சோறு! எங்க அப்பா செத்ததாலதான் அன்னிக்கு வெச்சோம். உயிரோட இருக்கிறவங்களுக்கு இப்படி வெச்சா, செத்துப் போன்னு சொல்ற மாதிரி. எங்க அம்மாவை அதுக்கு முன்னாடி உட்கார வெச்சிருக்கீங்க!"

"வாயை மூடுடீ" என்றாள் லியென் தங்கள் மொழியில்.

"மாட்டேன்!"

க்ளெனிஸ் கிண்ணங்களைப் பார்த்தார். தான் எழுதிய பெயர்களைப் பார்த்தார். முகம் அப்படியே இடிந்துபோனது.

"நான் கேட்டேனே" என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட கேட்டேனே தோவா. உண்மையைச் சொல்லுன்னு கெஞ்சினேனே. இப்போ கூடக் கேட்டேன். அழகா இருக்குன்னியே."

கேட்டார்தானே.

"அப்போ அந்த டிராகன்?"

"பிடிக்கல."

"கிமோனோ?"

"அது எங்களோடதே இல்ல க்ளெனிஸ்."

"குடை? கொண்டைக் குச்சி? ஐயோ, அந்தப் புத்தர்?"

"எதுவுமே பிடிக்கல."

க்ளெனிஸ் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, ஏணியில் நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்துவிட்டு, பயந்துகொண்டே கேட்டார். "என் பையனையாவது பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு" என்றாள் தோவா.

சத்தியமான வார்த்தை. ஆனால் வந்த குரல் அதே குரல். டிராகனுக்கு வந்த குரல், குடைக்கு வந்த குரல். அவள் காதிலேயே அது பொய் மாதிரி விழுந்தது. க்ளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஆங்கஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"நிஜமாவா தோவா?" என்றான். "நிஜமாவான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவ்வளவுதான். இத்தனை மாதமாக மென்று முழுங்கியதெல்லாம் தோவாவுக்குத் தொண்டைக்கு ஏறிவிட்டது.

"எப்படித் தெரிஞ்சுக்கறதா? கேட்கிறான் பாரு கேள்வி! மூச்சு முட்டுதுன்னு உன்கிட்டதானேடா வந்து நின்னேன்? 'விடு, அம்மா சந்தோஷமா இருக்கா'ன்னு சொன்ன தடிமாடு யாரு? உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேச உனக்குத் துப்பில்ல, என் நாக்கை மட்டும் சோதிச்சுப் பார்க்கிறியா? உன்னைப் பிடிக்கலன்னா இந்தக் குச்சியைத் தலையில குத்திக்கிட்டு நிக்க ஒத்துப்பேனா? எனக்கென்ன பைத்தியமா? உனக்காகத்தான்டா முட்டாளே இத்தனையும்! நிக்காதே, போ! அந்தக் கோடி மேஜையிலேர்ந்து ஒவ்வொண்ணா பிடுங்கு!"

மண்டபம் எதிரொலித்தது. இப்படி ஒரு குரல் அவளுக்குள் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆங்கஸ் திட்டு வாங்கிய முகத்தோடு நின்றான். பிறகு அந்த முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. கோடி மேஜையைப் பார்த்து ஓடினான்.

க்ளெனிஸ் மூக்கைச் சிந்தினார். "இதை நம்பறேன்" என்றார். எழுந்து தானும் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். இரண்டு கிண்ணம் முடித்தவர் சட்டென்று நின்று லியெனைப் பார்த்தார்.

"நீங்களும் அழகுன்னுதான் சொன்னீங்க."

லியென் மகளைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்தாள். நன்றிக் கடனை இத்தனை வருஷம் வாயில் போட்டு அடக்கி வைத்திருந்தவள், அதை எங்கே துப்புவது என்று தெரியாதவள் மாதிரி கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள்.

"க்ளெனிஸ், நீங்க நல்ல மனசு" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி. "கார், மெல்போர்ன், நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"தெரியும் லியென்."

"ஆனா அந்த மீன்" என்றாள் லியென். "வேணாம். இனிமே கொண்டு வர வேணாம்."